பிளின்ட்டுக்கு இன்னொரு விடுதி எதற்கு?

மிச்சிகனில் கார் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதப் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் டெட்ராய்ட்டின் புறநகர்களில்தான் குடியிருப்பார்கள். நானும் அப்படி இருந்தவன்தான். அங்கிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரோட்டினால் பிளின்ட். யாரும் போவதில்லை, போக ஒரு காரணமும் இல்லை. ஒரு சனிக்கிழமை நானும் அலுவலக நண்பர் ஒருவரும் சும்மா போனோம். சாகினா தெருவில் செங்கல் பாவிய சாலை. தலைக்கு மேலே 'வாகன நகரம்' என்று எழுதிய இரும்பு வளைவுகள். கீழே வாகனங்களைத்தான் காணோம். காபி குடித்துக்கொண்டே நண்பர் தீர்ப்புச் சொன்னார்: "பாஸ், இந்த ஊருக்கு ஒரே வழி காலேஜ்தான். டவுன்டவுன் முழுக்க ஸ்டூடண்ட்ஸ கொண்டுவந்து இறக்கிட்டா போதும், இன்னொரு ஆன் ஆர்பர் ஆயிடும்."

அன்றைக்கு நான் தலையாட்டினேன். இப்போது ஆட்டமாட்டேன்.

இது அவர் கண்டுபிடித்த யோசனை இல்லை. ஆலை மூடிய அமெரிக்க நகரம் ஒவ்வொன்றிலும் மேயரில் தொடங்கி ரியல் எஸ்டேட்காரர் வரை சொல்கிற மந்திரம். பிளின்ட்டில் இதைப் புதிய யோசனையாகச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏனென்றால் அங்கே இதை ஐம்பது வருடமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

1960-ல் அந்த ஊரின் மக்கள்தொகை ஏறக்குறைய 1,97,000. 1970-களின் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸில் மட்டும் சுமார் 80,000 பேர் வேலை பார்த்தார்கள். 2020 கணக்கெடுப்பில் மொத்த ஊரே 81,252 பேர். இந்தச் சரிவின் நடுவே நகரத்தின் மையத்தை மீட்க என்னென்ன கட்டினார்கள் என்று பாருங்கள். 1980-களின் தொடக்கத்தில் ஒரு ஹயாட் ஹோட்டல். 1984-ல் ஆட்டோவேர்ல்ட், அதாவது கார்களைப் பற்றிய கேளிக்கைப் பூங்கா. வேலை போன ஊரில், போன வேலைக்கு ஒரு கண்காட்சி! அடுத்து ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் கடைகளும் சாப்பாடுமாக வாட்டர் ஸ்ட்ரீட் பெவிலியன். மூன்றும் படுத்துவிட்டன. ஆட்டோவேர்ல்ட் ஆறே மாதத்தில் கதவை மூடியது, 1997-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? பெவிலியன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பிளின்ட் வளாகத்துக்குப் போனது. ஆட்டோவேர்ல்ட் நின்ற மண்ணும் அதற்கே. ஹோட்டல் மாணவர் விடுதியாகி, கடைசியில் அதுவும் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. தோற்றுப்போன ஒவ்வொரு திட்டத்தையும் கடைசியாக வாங்கிக்கொள்கிற ஆள் பல்கலைக்கழகம். கட்டடம் பாழாகாமல் இருந்ததே, அதுவரை நல்லது. ஆனால் அமெரிக்காவில் பல்கலைக்கழகச் சொத்துக்குச் சொத்து வரி கிடையாது. ஏற்கெனவே வருமானம் வற்றிய நகராட்சி, தன் மையத்திலுள்ள நிலத்தைத் துண்டு துண்டாக வரிப் பட்டியலிலிருந்து கழற்றிக் கொடுக்கிறது.

"சம்பளத்துக்கு வரி வருமே?" என்பார்கள். வரும். பிளின்ட்டில் நகர வருமான வரி உண்டு. ஊருக்குள் குடியிருந்தால் 1 சதவீதம், வெளியூரிலிருந்து வந்து வேலை பார்த்தால் 0.5 சதவீதம். புறநகரில் வீடு வாங்கிய பேராசிரியர் பாதி வரி கட்டிவிட்டு மாலை ஐந்து மணிக்கு நெடுஞ்சாலை ஏறிவிடுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். குற்றம் சொல்லவில்லை, கணக்குச் சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் பொறியியல் கல்லூரி வந்தபோது இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். ஜெராக்ஸ் கடை வந்தது, பரோட்டா கடை வந்தது, ஹாஸ்டல் வந்தது. கவுன்சிலிங்கில் சீட் நிரம்பாத வருடம் முதலில் ஷட்டரை இறக்கியவர் பரோட்டா கடைக்காரர். மாணவர் எண்ணிக்கையை நம்பிய ஊர் எங்கேயும் அப்படித்தான். பிளின்ட் வளாகத்தில் ஒரு கட்டத்தில் 8,000 பேருக்கு மேல் படித்தார்கள். 2022-ல் சுமார் 6,000. ஒரு கம்பெனியை நம்பிக் கெட்ட ஊர், இப்போது ஒரு அட்மிஷன் ஆபீஸை நம்ப வேண்டுமாம்.

பிட்ஸ்பர்க்கைக் காட்டுவார்கள். அங்கே இரண்டு பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் எஃகு ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே வேரூன்றி இருந்தவை, அதுவும் டவுன்டவுனில் இல்லை, ஓக்லாந்து பகுதியில். அப்படியிருந்தும் அதே ஆற்றங்கரையில் சில மைல் தள்ளியிருக்கும் பிராடக்கைப் போய்ப் பாருங்கள். 1920-ல் 20,000 பேர், 2020-ல் 2,000 கூட இல்லை. எட்ட முடிந்தவர்களுக்குத்தான் அந்த மறுமலர்ச்சி எட்டியது. ஆன் ஆர்பரோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தே வளர்ந்த ஊர். 1837-லிருந்து.

என் கோபம் கல்லூரி மேல் இல்லை. 1956-ல் பிளின்ட்டில் இந்த வளாகம் தொடங்கியபோது அதன் நோக்கம் டவுன்டவுனில் காபி விற்பதல்ல. ஆலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, ராத்திரி அம்மா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, உள்ளூரிலேயே பட்டம் வாங்க வேண்டும் என்பது. அரை நூற்றாண்டாக அது விடுதியே இல்லாமல்தான் நடந்தது. முதல் விடுதி 2008-ல் வந்தது. அடுத்த வருடமே, 2009-ல், பிளின்ட் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியை மூடினார்கள். வெளியூர்ப் பிள்ளை தூங்க அறை, உள்ளூர்ப் பிள்ளைக்குப் பள்ளி இல்லை. இரண்டும் வேறு வேறு நிர்வாகம், வேறு வேறு பணம், தெரியும். ஆனால் ஊர் ஒன்றுதானே?

தண்ணீர் விஷயத்திலும் இந்தக் கோடு தெரிந்தது. 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க ஊரின் குடிநீரை பிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கவில்லை. அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ், எஞ்சின் பாகங்கள் துருப்பிடிக்கிறதென்று அந்தத் தண்ணீரை விட்டது. 2015 தொடக்கத்தில் பல்கலைக்கழகம் தன் குழாய்களைச் சோதித்து, ஈயம் இருந்தவற்றை மூடியது. வீடுகளில் இருந்தவர்களுக்கு மட்டும் அக்டோபர் வரை "பயப்பட வேண்டாம்" என்றே பதில். வளாகம் தன் ஆட்களைப் பாதுகாத்தது சரிதான். ஆனால் சுற்றுச்சுவருக்கு வெளியே தண்ணீர் நன்றாக இருக்கிறதா என்று கவலைப்பட யாருமில்லாத ஊரைக் 'கல்லூரி நகரம்' என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

சரி, என்னதான் செய்வது? அதே மாநிலத்தில் கலமசூ என்றொரு ஊர். காகித ஆலைகளுக்குப் பேர் போன இடம், அதுவும் நொடித்தது. 2005-ல் பெயர் சொல்லாத நன்கொடையாளர்கள் ஒரு வாக்குக் கொடுத்தார்கள்: ஊரின் பொதுப் பள்ளிகளில் படித்து முடிக்கிற பிள்ளைகளுக்கு மாநில அரசுக் கல்லூரிக் கட்டணம் முழுதும் தருகிறோம். ஒன்றாம் வகுப்புக்கு முன்பிருந்தே படித்தால் முழுத் தொகை, ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தால் 65 சதவீதம். இதில் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. பல்லாண்டாகக் குறைந்துகொண்டே வந்த பள்ளிச் சேர்க்கை ஏறியது. ஆள் பிடிக்க விடுதி கட்டவில்லை, இருக்கிற ஆள் போகாமலிருக்கக் காரணம் கொடுத்தார்கள்.

நண்பரிடம் போனில் இதைச் சொன்னேன். "பாஸ், அதுல டவுன்டவுன் எங்க வருது?" என்றார். வராது. முதலில் வரவேண்டியது அந்த சாகினா தெருவிலிருந்து ரெண்டு மைல் தள்ளி, பாதி வீடுகள் பலகை அடித்துக் கிடக்கிற தெருவில், ஒன்பதாவது படிக்கிற பெண். அவள் பட்டம் வாங்கிய பிறகும் அந்த ஊரில்தான் இருப்பேன் என்று சொன்னால், காபி கடையை அவளே திறந்துகொள்வாள்.