"விசேஷம் உண்டா?" என்று கேட்பதற்கு முன்



போன வாரம் அரூர் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் என்னிடம் 5-ஆம் வகுப்பு படித்த பெண் உட்கார்ந்தாள். கல்யாணமாகி 4 வருஷம். சாப்பிட்டு முடிப்பதற்குள் மூன்று பேர், "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டுவிட்டார்கள். மூன்றாவது ஆளுக்குப் பதில் சொல்லாமல் இலையை மூடிவிட்டாள்.

கை கழுவும்போது மெல்லக் கேட்டேன். தீர்த்தமலைக்குப் போயாயிற்று, விரதம் இருந்தாயிற்று. "போன மாசம்தான் ரத்தம் பார்த்தாங்க டீச்சர். தைராய்டு கம்மியாம். மாமியாருக்குத் தெரிஞ்சா நோயாளின்னு சொல்லுவாங்க. அதனால மத்தியானம் அவங்க படுத்த பிறகு, சத்து மாத்திரையோட சேர்த்துப் போட்டுக்கறேன்" என்றாள்.

அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். காபி, பலகாரம் எல்லாம் அரை மணியாவது கழித்துத்தான். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. ஆக, நாம் பேசும் பேச்சு அவள் மருந்தையே கெடுக்கிறது.

தைராய்டு என்பது தொண்டையின் முன்பக்கம் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் சின்னச் சுரப்பி. அது குறைவாகச் சுரந்தால் மாதவிலக்கு தப்பும், அல்லது அதிகமாகப் போகும். சில மாதம் கருமுட்டையே வெளிவராது. கரு தரித்தாலும் கலைய வாய்ப்பு அதிகம். அதிகமாகச் சுரந்தாலும் தொல்லைதான். அயோடின் குறைவு ஒரு காரணம். நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குவது இன்னொரு காரணம். இதில் அந்தப் பெண் செய்த தவறு என்ன?

ஓயாத அசதி, எடை கூடுதல், முடி கொட்டுதல், மலச்சிக்கல், குளிர் தாங்காமை இருந்தால் டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பெரும்பாலும் மாத்திரையிலேயே சரிக்கட்டிவிடலாம். கரு தரித்ததும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உடனே மருத்துவரைப் பாருங்கள். அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். முதல் மூன்று மாதம் குழந்தை தாயின் தைராய்டு சுரப்பையே நம்பியிருக்கிறது.

இன்னொன்று. பெண்ணை மட்டும் அனுப்பாதீர்கள். கணவனுக்கும் விந்துப் பரிசோதனை வேண்டும். குறை இருவரில் யாரிடமும் இருக்கலாம்.

பெண் சிசுக்கொலையால் பெயர் கெட்டுப் போயிருந்த மாவட்டம் நம்முடையது. தொட்டில் குழந்தைத் திட்டம் இங்கேயும் தேவைப்பட்டது. அன்று பெண் பிறந்தால் தாயைத் திட்டினோம். இன்று பிள்ளை பிறக்காவிட்டாலும் அவளைத்தான் திட்டுகிறோம். 30 வருஷத்துக்கு மேல் பாடம் நடத்திய எனக்கு இது வெட்கமாக இருக்கிறது.

கோயிலுக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆய்வகத்துக்கும் போங்கள். மாமியார்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: காலையில் காபி போடுவதற்கு முன், "மாத்திரை போட்டியாம்மா?" என்று மருமகளைக் கேளுங்கள். "விசேஷம் உண்டா?" என்று கேட்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்