பிரன்சன் விட்டுக்கொடுத்தது 113 மில்லியனா?

2024 ஜூலையில நியூயார்க் நிக்ஸ் அணியின் ஜேலன் பிரன்சன் 4 வருஷத்துக்கு 156.5 மில்லியன் டாலர்னு ஒப்பந்தம் போட்டார். இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருந்தா 5 வருஷத்துக்கு 269 மில்லியன் வரை கிடைச்சிருக்கும். அணிக்காக 113 மில்லியனைத் தியாகம் பண்ணிட்டார்னு பேச்சு கிளம்பிடுச்சு.

அந்தக் கழித்தலே தப்புங்க. 5 வருஷத்துலேருந்து 4 வருஷத்தைக் கழிச்சா எப்படி? பெரிய ஒப்பந்தத்துல அஞ்சாவது வருஷம் மட்டுமே சுமார் 61 மில்லியன். அந்த வருஷம் மனுஷன் வீட்ல சும்மாவா இருக்கப் போறார்? அதை ஒதுக்கிட்டுப் பார்த்தா, நிஜமா விட்டது சுமார் 52 மில்லியன்.

பதிலுக்கு வாங்கினதையும் பார்க்கணும். ஒரு வருஷம் முன்னாடியே பணம் உறுதியாயிடுச்சு. நடுவுல முழங்கால் போனாலும் கவலை இல்லை. 2028-ல் விருப்பப்பட்டா வெளியே வரலாம். அப்போ லீக்ல 10 வருஷம் முடிச்சிருப்பார். ஒரு வீரர் வாங்கக்கூடிய உச்ச சம்பளம், அணியோட சம்பள வரம்புல 30 சதவீதமா இருக்கிறது அவருக்கு 35 ஆயிடும்.

இன்னொண்ணு, என்.பி.ஏ.ல ஒவ்வொரு அணிக்கும் சம்பள வரம்பு உண்டு. ரொம்ப மீறினா வரி, அதுக்கும் மேல போனா வீரர்களை மாத்திக்கவே கட்டுப்பாடு. அதனால ஒருத்தர் விடுற டாலர், பக்கத்துல ஆடுறவருக்குப் போய்ச்சேர வழி இருக்கு. பிரன்சன் பண்ணது சரியான டீல்னுதான் சொல்லுவேன்.

ஆனா விசுவாசத்துக்காகக் குறைச்சுக்கோன்னு யாராவது சொன்னா ஒத்துக்க மாட்டேன். டல்லாஸ்ல டர்க் நொவிட்ஸ்கி 2014-ல் மத்த அணிகளோட பெரிய தொகையை விட்டுட்டு, 3 வருஷத்துக்கு வெறும் 25 மில்லியனுக்குத் தங்கினார். அதுக்கப்புறம் அவர் ஓய்வு பெறுற வரை டல்லாஸ் ஒரு பிளேஆஃப் சுற்றுகூட ஜெயிக்கல. அதே டல்லாஸ் 2025 பிப்ரவரியில, 25 வயசு லூக்கா டான்சிச்சை அவர் கேட்காமலே லேக்கர்ஸுக்கு அனுப்பிடுச்சு. அங்கேயே இருந்திருந்தா அந்தக் கோடையில கையெழுத்து போட்டிருக்கக்கூடிய சுமார் 345 மில்லியன் ஒப்பந்தத்துக்கான தகுதியும் அதோட போச்சு.

இப்போ அப்ரைசல் ரூமுக்கு வருவோம். "நாம எல்லாம் ஒரே ஃபேமிலி, இந்த வருஷம் ஹைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க"ன்னு எச்.ஆர். சொல்றாங்க. உங்க கம்பெனிக்கு லீக் போட்ட சம்பள வரம்பு கிடையாது. நீங்க விட்ட மாசம் 5,000 ரூபாய் பக்கத்து சீட்டுக்குப் போகும்னு எந்த விதியும் இல்லை; பெரும்பாலும் லாபக் கணக்குல போய் உட்காரும். அடுத்த ஹைக் சதவீதமும் இந்தக் குறைஞ்ச சம்பளத்து மேலதான். பேசிக் குறைஞ்சா கிராஜுவிட்டியும் குறையும். பிரன்சனுக்கு 4 வருஷ உத்தரவாதம். உங்களுக்கு இருக்கிறது நோட்டீஸ் பீரியட்.

நல்ல மேனேஜர், கத்துக்க நிறைய வேலை, வீடு பக்கம்னு தங்கணும்னு தோணினா தாராளமா தங்குங்க. அதுக்கும் ஒரு விலை இருக்கு, தப்பில்லை. சரின்னு தலையாட்டுறதுக்கு முன்னாடி ஒரு மெயில் மட்டும் வாங்கிடுங்க: எந்த மாசம் திரும்பப் பார்ப்பாங்க, எத்தனை சதவீதம், போனஸ் உண்டா. மெயில் வரலைன்னா ரெஸ்யூமை அப்டேட் பண்ற வேலையைப் பாருங்க.