வீட்டில் படிக்கும் யுத்த சரித்திரம்

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு மில்லுக்கும் கூலி வேலைக்கும் போன வாலிபர்கள் நல்லம்பள்ளி வட்டாரத்தில் உண்டு. அவர்களில் சிலர் ராத்திரி வீட்டிலேயே படித்து, தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறார்கள். பாராட்ட வேண்டிய காரியம். அந்தப் பாடத்தில் இரண்டாவது உலக யுத்தம் வருகிறது. 1939 செப்டம்பர் 1-ல் ஹிட்லரின் படை போலந்துக்குள் புகுந்தது. 1945 செப்டம்பர் 2-ல் ஜப்பான் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டது. மனப்பாடம் செய்தால் மார்க்கு கிடைக்கும். செய்யட்டும். ஆனால், "வெள்ளைக்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் நடந்த சண்டை, நமக்கென்ன?" என்று புத்தகத்தை மூடிவிட்டால் படித்தது அரைப் படிப்புதான்.

நமக்கென்னவா? அன்று நல்லம்பள்ளி சேலம் ஜில்லாவில் இருந்தது. தருமபுரி தனி ஜில்லாவானது 1965-ல்தான். அந்தச் சேலம் ஜில்லாவிலும் திருச்சி, தஞ்சை, வடஆற்காட்டிலும் கங்காணிகள் ஆள் திரட்டி மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். கடனும் பஞ்சமும் துரத்தக் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள் நம் ஜனங்கள்.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. தோட்டத்தில் வேலை நின்றது, அரிசி கிடைக்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து ஜப்பானிய ராணுவம், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் கேட்டது. மூன்று மாத வேலை, தினம் ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு என்று ஆசை காட்டினார்கள். ஆள் போதவில்லை. பிறகு பலவந்தம். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, கதவைச் சாத்திப் பிடித்துப் போனதும் உண்டு.

1943 அக்டோபரில் பாதை முடிந்தது. வேலை வாங்கப்பட்ட யுத்தக் கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் என்ற ஆசியக் கூலிகளில் எத்தனை பேர்? சுமார் 90,000 என்பது ஒரு மதிப்பு. அதற்கு மேலும் சொல்வார்கள். காலரா, மலேரியா, பட்டினி. கைதிகளோடு அவர்களுடைய டாக்டர்கள் இருந்தார்கள், செத்தவன் பெயரை எழுதிவைக்க அதிகாரிகள் இருந்தார்கள். கூலிக்காரனுக்கு யார் இருந்தார்கள்?

காஞ்சனபுரி யுத்த மயானத்தில் கைதிகளின் கல்லறைகள் ஏறத்தாழ 7,000 இருக்கின்றன. மாடு மீட்கப் போய் மாண்டவனுக்கும் பெயர் வெட்டி நடுகல் நட்ட சீமை நம் தருமபுரிச் சீமை. சயாம் காட்டில் விழுந்த கூலிகளில் எத்தனை பேருக்குப் பெயர் வெட்டிய கல் உண்டு? 1957-ல் குவாய் நதிப் பாலத்தைப் பற்றி வந்த ஆங்கிலப் படம் ஏழு ஆஸ்கார் வாங்கியது. அது பிரிட்டிஷ் சிப்பாய்களின் கதை. 1946-ல் பாதையின் சயாம் பகுதியை அந்த நாட்டு சர்க்காருக்கே பன்னிரண்டரை லட்சம் பவுனுக்கு விற்றார்கள். மலாயாவிலும் பர்மாவிலும் ஜப்பான்காரன் பிடுங்கிச் சென்ற தண்டவாளத்துக்கும் சாமானுக்கும் அந்தப் பணம் ஈடாம்! இரும்புக்குப் போட்ட கணக்கை எலும்புக்குப் போடவில்லை.

ஆகவே தோழர்களே, வீட்டில் படிக்கிறவர் தேதியோடு நிறுத்த வேண்டாம். குழி வெட்ட ஆள் எங்கிருந்து வந்தான், என்ன சொல்லிக் கூட்டிப்போனார்கள், கடைசியில் யார் கைக்குப் பணம் போயிற்று என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் தமிழிலேயே இருக்கிறது. ஒருவர் உரக்கப் படித்தால் திண்ணையில் நாலு பேர் கேட்கலாம். எழுத்துத் தெரியாத பாட்டியையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். பினாங்குக்குப் போய்த் திரும்பாத ஒருவர் பெயர் அவள் வாயிலிருந்து வந்தாலும் வரும். வந்தால் நோட்டில் எழுதி வையுங்கள்.

இது பழங்கதை என்று யாராவது சொன்னால், உக்ரைன் யுத்தத்தைச் சொல்லுங்கள். அது 2022-ல் மூண்டது. நல்ல சம்பளம், உதவியாள் வேலை என்று ஏஜெண்டுகள் ரஷ்யாவுக்கு அழைத்துப் போன இந்திய வாலிபர்கள் அந்த ராணுவத்தில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் போர்முனையில் மாண்டார்கள். அவர்களிடமும் முதலில் பேசியது சம்பளத்தைப் பற்றித்தான்.