திரும்பி ஓடுவது தோல்வியா?

முன்வைத்த காலைப் பின்வைக்கலாகாது என்று பெரியோர் சொல்வர். ஆனால் சில வேளைகளில் பின்வைத்தே ஆகவேண்டும் என்று விதி வகுத்த விளையாட்டு ஒன்று உண்டு. அதுதான் பேஸ்பால். அதன் தங்கையாக 1887-ஆம் ஆண்டு சிகாகோ நகரில் பிறந்த சாஃப்ட்பாலை நாம் நம் பள்ளி மைதானத்தில் ஆடுகிறோம். அதிலும் இதே விதிதான். "இது அநியாயமான விதி" என்று என் தோழியர் சிலர் வாதிடுகின்றனர். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினேன். இன்று என் கருத்து வேறு.

விதி இதுதான். உயர எழுந்த பந்தை எதிரணியினர் தரையில் விழுமுன் பிடித்துவிட்டால், அடித்தவள் அவுட். அதற்குள் தன் பேஸை விட்டு ஓடிவிட்ட ஓட்டக்காரி, திரும்பிச் சென்று அதைத் தொட வேண்டும். அவளுக்கு முன் பந்து அங்கே சேர்ந்துவிட்டால் அவளும் அவுட். இரண்டாம் பேஸைத் தாண்டியிருந்தால், முதலில் அதைத் தொட்டுவிட்டுத்தான் முதல் பேஸுக்குத் திரும்பலாம். குறுக்கு வழி கிடையாது.

சென்ற ஆண்டு ஒரு போட்டியில் நான் முதல் பேஸில் நின்றேன். பந்து வானளாவ எழுந்தது. ஓடினேன், இரண்டாம் பேஸையும் தாண்டினேன். பந்து பிடிபட்டது. "திரும்பு, திரும்பு!" என்று விளையாட்டு ஆசிரியை கூவினார். பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்கப் பின்னோக்கி ஓட எனக்கு வெட்கம். ஒரு கணம் தயங்கினேன். அந்த ஒரு கணத்தில் ஆட்டமிழந்தேன். என்னை வீழ்த்தியது விதியன்று, என் வெட்கமே!

இவ்விதி ஏன் நியாயமானது? பந்து வானில் இருக்கும் நேரமெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கலாம் என்றால், அதை அருமையாகப் பிடித்தவளுக்கு என்ன மதிப்பு? மேலும், திரும்புவதோடு ஆட்டம் முடிவதில்லை. பந்து பிடிபட்ட பின் தன் பேஸைத் தொட்டவள், மறுகணமே மீண்டும் முன்னே ஓடலாம். மூன்றாம் பேஸில் பொறுத்து நின்றவள் அப்படி ஓடி ஹோமைத் தொட்டு, அணிக்கு ஓர் ஓட்டம் தேடித் தருவதும் உண்டு.

"கோ-கோவில் துரத்துபவள் திசை மாறக்கூடாதே?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே 'கோ' கொடுத்து வேறொருத்தியை எழுப்பிவிடலாம். நம் சடுகுடுவைப் பாருங்கள். எத்தனை பேரைத் தொட்டாலும், மூச்சு விடாமல் திரும்பி வந்து கோட்டைத் தொட்டால்தான் வெற்றி.

தோழியரே, நான் விளையாட்டை மட்டும் சொல்லவில்லை. என்னுடன் படித்த ஒருத்தி ஒன்பதாம் வகுப்பில் தேறவில்லை. தன்னைவிடச் சிறியவர்களோடு அதே வகுப்பில் உட்கார வெட்கப்பட்டு நின்றுவிட்டாள். இப்போது நாகல் நகரில் தன் வீட்டில் தறிக்குத் தார் சுற்றுகிறாள். அவளுடைய தந்தை நெய்யும்போது ஊடை பிசகினால், பிசகிய இடம்வரை இழையைப் பிரித்துவிட்டு மறுபடி நெய்கிறார். அதைக் கேவலம் என்று யாராவது சொல்வார்களா? மகள் மட்டும் ஓராண்டு பின்னால் வந்தால் என்ன கேவலம்?

ஆட்டத்தில் திரும்புவதற்கும் ஒரு காலம் உண்டு. பின்னால் ஓடி வருபவள் ஹோமைத் தொட்டுவிட்டால், முன்னே போனவள் திரும்பிச் சென்று விட்ட பேஸைத் தொட முடியாது. ஆகவே பெற்றோரே, தாமதியாமல் அனுப்பி வையுங்கள். தோழியரே, அவள் வகுப்பறைக்குள் நுழையும் நாளில் யாரும் சிரிக்க வேண்டாம். அன்று மைதானத்தில் எனக்குக் கேட்ட அதே சொல்லை, அன்போடு அவளுக்குச் சொல்வோம்: திரும்பி வா!

— பத்தாம் வகுப்பு மாணவி