அனுமதி கேட்கும் ஆங்கிலம்

பெண்கள் ஆங்கிலம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லாதவர்கள் இன்று யாருமில்லை. மகளிர் தின மேடையில் சொல்கிறார்கள், சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் சொல்கிறார்கள், கல்லூரி ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினரும் சொல்கிறார். நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரிந்தால் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளலாமாம். அந்த நாலு வார்த்தை எவை? யாரிடம் பேச? எதைக் கேட்க? இந்த மூன்று கேள்விகளுக்கு மட்டும் மேடையிலிருந்து பதில் வருவதில்லை. பதிலைப் பாம்பன் கரையில் தேடலாம் என்பது என் எண்ணம். ஆங்கிலம் தெரியாததால் ஒரு பெண் எதை இழக்கிறாள் என்பதும், அந்த இழப்புக்கு உண்மையில் யார் பொறுப்பு என்பதும் அங்கே பளிச்சென்று தெரிகின்றன.

பாம்பன், இராமேசுவரம், மண்டபம் பகுதிக் கடலோர ஊர்களில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குள் இறங்கிப் பாசி எடுக்கிறார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து கையால் பறிக்கும் வேலை அது. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, பருவம் உண்டு, விலை உண்டு. இத்தனையையும் ஆங்கிலம் 'சீவீட்' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுகிறது. 'வீட்' என்றால் களை. பெண்கள் உயிரைப் பணயம் வைத்து எடுப்பதன் பெயர் கடற்களை! சொல்வளம் யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று முதலில் இங்கேயே கேட்டுவிட வேண்டும்.

இனி ஒரு சொல்பாடம். 'பார்க்'. ஆரம்ப ஆங்கிலப் புத்தகத்தில் குழந்தைகள் பந்து விளையாடும் இடம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. தாயும் பாட்டியும் பாசி எடுத்த தீவோரத்தில் மகள் பாசி எடுத்தால் அது சட்டவிரோதம் என்றானது. இதுதான் பாம்பன் பெண்கள் கற்ற முதல் 'பார்க்'.

இரண்டாவது 'பார்க்' 2021 பிப்ரவரியில் வந்தது. தமிழ்நாட்டில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா அமைக்கப்படும் என்று ஒன்றிய நிதிநிலை அறிக்கை சொன்னது. 2023 செப்டம்பரில் இதே இராமநாதபுரம் மாவட்டத்தின் வளமாவூரில் அடிக்கல் நாட்டினார்கள். திட்ட மதிப்பு 127 கோடி ரூபாய்க்கு மேல். ஒரு பார்க், பாசியைத் தொடாதே என்கிறது. இன்னொரு பார்க், பாசியில் முதலீடு செய்ய வாருங்கள் என்று அழைக்கிறது. ஒரே மாவட்டம், ஒரே சொல். முதலாவதில் பெண் அத்துமீறுபவள். இரண்டாவதில் அவள் பயனாளி. இரண்டிலும் அவள் முடிவெடுப்பவள் இல்லை. இந்த வேறுபாட்டை எந்த ஆங்கில அகராதி சொல்லித்தரும்?

அடுத்து இலக்கணம். 'மே' என்ற துணைவினையை நம் பெண்பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள்? "மே ஐ கம் இன், சார்?" வாசலில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, அனுமதி கேட்கும் வாக்கியமாகக் கற்கிறார்கள். சட்டப் புத்தகத்துக்குள் போனால் அதே 'மே' வேறு முகம் காட்டுகிறது. வனவிலங்குச் சட்டத்தின் 35ஆம் பிரிவில் தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுப்பதற்குத் தடை இருக்கிறது. அங்கிருந்து அகற்றப்படும் வனப்பொருளைப் பற்றி ஒரு வரியும் இருக்கிறது: பூங்காவிலும் சுற்றிலும் வாழும் மக்களின் சொந்தத் தேவைக்கு அதைப் பயன்படுத்தலாம், வணிகத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. முன்பாதியில் இருப்பது 'மே', பின்பாதியில் இருப்பது 'ஷல் நாட்'. 'ஆகலாம்' என்பது அதிகாரியின் விருப்பம். 'கூடவே கூடாது' என்பது கட்டளை. சொந்தத் தேவை என்று எதைச் சொல்வது? பாசி விற்ற காசில் வாங்கும் அரிசி சொந்தத் தேவையா, வணிகமா? ஒரு கரையின் அடுப்பு எரிவதும் அணைவதும் இரண்டு துணைவினைகளுக்கு நடுவில் கிடக்கிறது. பத்து வருடம் பள்ளியில் ஆங்கிலம் படித்த பெண்ணுக்கு வாசலில் நின்று கேட்கும் 'மே' தெரியும். தன்னை வாசலில் நிறுத்தும் 'மே' தெரியாது. இது அவள் படிக்காத குறையல்ல. பாடத்திட்டம் அவளை எதற்குத் தயார் செய்கிறது என்பதன் சாட்சி.

செயப்பாட்டு வினையையும் எடுத்துக்கொள்வோம். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றுக என்பது ஒவ்வொரு ஆண்டும் தேர்வில் வரும் கேள்வி. 'ராமன் பாம்பைக் கொன்றான்' என்பதைப் 'பாம்பு ராமனால் கொல்லப்பட்டது' என்று மாற்றினால் மதிப்பெண். அரசாங்க ஆங்கிலத்தில் அந்த 'ராமனால்' காணாமல் போய்விடுகிறது. முடிவு எடுக்கப்பட்டுள்ளது. தடை விதிக்கப்படுகிறது. பொருள் பறிமுதல் செய்யப்படும். யாரால்? வாக்கியத்தில் ஆள் இல்லை. ஆள் இல்லாத வாக்கியத்திடம் எப்படி முறையிடுவது? நம் அரசாணைத் தமிழும் இந்தக் கெட்ட பழக்கத்தை ஆங்கிலத்திடமிருந்து அப்படியே வாங்கிக்கொண்டது. ஆகவே நமக்குத் தேவை தலைகீழ்ப் பயிற்சி. செயப்பாட்டு வினையைச் செய்வினையாக்கு. மறைந்திருக்கும் ஆளைத் தேடிப்பிடித்து வாக்கியத்தின் தொடக்கத்தில் நிறுத்து. இந்த ஒரு பயிற்சிக்காகவே பெண்கள் இலக்கணம் படிக்கலாம்.

'அப்படியானால் அவர்கள் ஆங்கிலம் கற்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா?' என்று கேட்பார்கள். இங்கேதான் நாம் உஷாராக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1956 முதல் தமிழ் ஆட்சிமொழி. ஆனாலும் உயர்நீதிமன்றத்தில் ஆங்கிலம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, மக்கள் கருத்துக் கேட்புக்கு முன் அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் தரப்பட வேண்டும். சுருக்கம் மட்டும்தான். நூற்றுக்கணக்கான பக்கங்கள் நீளும் முழு அறிக்கை ஆங்கிலத்தில் கிடக்கும். 2020இல் அந்த அறிவிக்கையையே திருத்தி எழுதும் வரைவை ஒன்றிய அரசு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டது. எட்டாவது அட்டவணையிலுள்ள மொழிகளில் எல்லாம் அதை மொழிபெயர்த்து வெளியிடும்படி தில்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த உத்தரவையும் எதிர்த்து அரசு உச்சநீதிமன்றத்துக்குப் போனது. மொழிபெயர்ப்பாளர்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் அரசுக்குத் தமிழ் பாரமாம். விடியுமுன் எழுந்து சோறாக்கி வைத்துவிட்டுக் கடலுக்குப் போய், ஈரத்துணியோடு திரும்பி வரும் பெண்ணுக்கு மட்டும் ஆங்கிலம் பாரமில்லையாம்! பெண்களே, ஆங்கிலம் கற்றுக்கொள்ளுங்கள் என்ற அறிவுரை, அரசே, தமிழில் பேசு என்ற கோரிக்கையை வாயடைக்கவே பயன்படுகிறது என்றால், அந்த அறிவுரை நமக்கு வேண்டாம்.

ஆங்கிலத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் வெட்கத்தையும் பேசியாக வேண்டும். இராமேசுவரத்துக் கடைத்தெருவில் சங்கும் பாசிமணியும் விற்பவர்கள் வடநாட்டு யாத்ரீகர்களிடம் இந்தியில் பேரம் பேசுகிறார்கள். வகுப்புக்குப் போய்க் கற்றதில்லை, காதால் கேட்டு வாயால் பழகியது. அந்த இந்தியில் ஆண்பால் பெண்பால் பிழை இருக்கும். அதற்காக யாரும் கூனிக்குறுகுவதில்லை. வியாபாரம் முடிந்தால் சரி. ஆங்கிலத்தில் மட்டும் ஒரு வினைச்சொல் பிசகினால் காது சிவக்கிறது. 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' வியாபாரத்தின் முதலீடே இந்த வெட்கம்தான். 2012இல் வந்த 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' படத்தை நாம் எல்லோரும் கண்ணீரோடு பார்த்தோம். கணவனும் மகளும் கேலி செய்த பெண், நான்கே வாரத்தில் ஆங்கிலம் கற்றுக் கல்யாண வீட்டில் பேசி மரியாதையை மீட்கிறாள். ஸ்ரீதேவியின் நடிப்பில் குறையில்லை. ஆனால் மரியாதை தெரியாத வீட்டுக்கு அல்லவா வகுப்பு எடுத்திருக்க வேண்டும்? கேலி செய்தவர்கள் அப்படியே இருக்க, கேலிக்கு ஆளானவளை ஏன் திருத்துகிறோம்?

சரி, தமிழ் மட்டும் போதும் என்று சொல்கிறேனா? இல்லை. அப்படிச் சொல்பவர்களின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். சாவித்ரிபாய் புலே 1854இல் வெளியிட்ட கவிதை நூலிலேயே, ஒடுக்கப்பட்டவர்கள் ஆங்கிலம் கற்க வேண்டும் என்று எழுதினார். 2010இல் உத்தரப்பிரதேசத்தின் பாங்கா கிராமத்தில் தலித் மக்கள் ஆங்கில தேவிக்குக் கோயில் கட்டத் தொடங்கினார்கள். சாதி பூட்டிய கதவுக்கு அவர்கள் கண்ட சாவி அது. அந்தப் பசியைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. தமிழும் ஒன்றும் களங்கமற்ற மொழி அல்ல. 'மீனவர்' என்ற சொல் இலக்கணப்படி இருபாலுக்கும் பொது. புழக்கத்தில் அது ஆண். கடலில் மூழ்கி எழும் பெண்ணும் 'மீனவப் பெண்', அதாவது மீனவரின் மனைவி. அலுவலகத்தில் அவளை 'ஏம்மா, அங்கே நில்லு' என்று ஒருமையில் விரட்டுவதும் தமிழில்தான் நடக்கிறது. ஆங்கிலத்தின் 'யூ' அதிகாரிக்கும் அவளுக்கும் ஒன்று. அந்தச் சமத்துவத்தை அவள் ருசித்துப் பார்க்கட்டுமே.

ஆகவே கேள்வி ஆங்கிலம் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல, எந்த ஆங்கிலம் என்பதே. 1991இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தை வாழ்க்கையோடு சேர்த்துக் கொடுத்தது. எழுத்துக் கற்ற பெண்கள் சைக்கிளும் ஓட்டினார்கள், கல்குவாரிக் குத்தகையும் எடுத்தார்கள். ஆங்கிலத்துக்கும் அதே வழி உண்டு. மாதிரி உரையாடல் வேண்டுமா? எத்தனை கிலோ, ஈரத்துக்கு எவ்வளவு கழித்தீர்கள், ரசீது எங்கே, எந்தப் பிரிவின்படி பறிமுதல், உங்கள் பெயர் என்ன, எழுத்தில் கொடுங்கள். விமான நிலையத்தில் காபி வாங்கும் உரையாடலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வகுப்பு அவர்களுடைய அமாவாசை, பௌர்ணமிக் கணக்குக்கு ஏற்ப நடக்கட்டும். கடல் அவர்களை எப்போது அழைக்கும், எப்போது விடும் என்பதைக் கேட்டு அட்டவணை போடுங்கள்.

பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. பாசி எடுக்கும் பெண்களை ஒன்றுதிரட்டியதற்கும், கடலைக் கெடுக்காமல் பாசி எடுக்கும் முறைக்காக நின்றதற்கும் கிடைத்த பெருமை அது. மாதத்தில் இத்தனை நாள்தான் இறங்குவது, கையால்தான் பறிப்பது என்று அந்தப் பெண்கள் தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டவர்கள். அதுவும் சட்டம்தான். தமிழில், செய்வினையில், 'நாங்கள்' என்று தொடங்கும் சட்டம். அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் தகுதி ஆங்கிலம் தெரிந்த அதிகாரிகளுக்கு இருக்கிறதா என்று நாம் கேட்க வேண்டும்.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களிடம் இருக்கும் இலக்கணம் வேலைக்கான நேர்காணலுக்கு மட்டும் உரியதல்ல. உங்கள் ஊர்க் கடலையோ, ஏரியையோ, காட்டையோ பற்றி ஆங்கிலத்தில் வந்த ஓர் ஆணையைக் கையில் எடுங்கள். நான்கு பேராகத் தரையில் உட்கார்ந்து, அதனால் பாதிக்கப்படும் பெண்களோடு வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் பிரியுங்கள். 'மே' எங்கே, 'ஷல்' எங்கே என்று அடிக்கோடிடுங்கள். ஒவ்வொரு செயப்பாட்டு வினைக்கும் பக்கத்தில் 'யாரால்?' என்று எழுதுங்கள். அந்தத் தாளோடு அலுவலகத்துக்குப் போகும்போது, மே ஐ கம் இன் என்று கேட்டு வாசலில் நிற்காதீர்கள். நேரே உள்ளே போங்கள்.