மூட்டையைக் குத்துங்க... மண்டையை அல்ல!

குத்துச்சண்டை வடசென்னைக்குப் புதிதல்ல. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று கட்சி கட்டி மோதிய பூமி இது. 1980ல் முகமது அலியே சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் கையுறை மாட்டினார்.

அதே குத்துச்சண்டைக்கு இப்போது இன்னொரு வேலை வந்திருக்கிறது. மனசுக்கு மருந்து!

இதில் எதிராளி கிடையாது. ரத்தக் காயம் கிடையாது. வாத்தியார் சொல்கிற கணக்குக்கு மூட்டையைக் குத்த வேண்டும், காலை மாற்றி வைக்க வேண்டும். அவ்வளவுதான். இப்படிப் பயிற்சி எடுத்தவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் குறைவதாகப் பல ஆய்வுகளைத் திரட்டி 2022ல் டொரண்டோ மருத்துவர்கள் எழுதினார்கள். இன்னும் பெரிய ஆய்வுகள் தேவை என்பதும் உண்மை.

மூச்சு வாங்க உழைக்கிற உடம்பு, கையிலும் காலிலுமே நிற்கிற கவனம், பக்கத்தில் நாலு பேர். வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பவனுக்கு இந்த மூன்றும் கிடைப்பதில்லை.

ஆனால், இரண்டு எச்சரிக்கை.

"எவன் மேல கோவமோ அவன் மூஞ்சிய நெனச்சுக் குத்து, சரியாயிடும்" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. தப்பு! 2002ல் அமெரிக்க உளவியல் அறிஞர் பிராட் புஷ்மன் 600 மாணவ மாணவியரைச் சோதித்தார். ஆத்திரமூட்டியவரை நினைத்துக் குத்தியவர்களுக்கு, சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிடக் கோபம் கூடித்தான் போனது.

அடுத்தது மண்டை. தலையில் அடி வாங்கியே மூளை கலங்கிப்போகும் குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றி 1928லேயே மார்ட்லண்ட் என்ற அமெரிக்க டாக்டர் எழுதிவிட்டார். மனசு நொந்து வந்தவனை மேடையேற்றித் தலையில் குத்து வாங்க வைப்பது வைத்தியமா?

டாக்டருக்கும் மாத்திரைக்கும் இது மாற்று அல்ல. கீழ்ப்பாக்கம் பக்கம் போனாலே "பைத்தியம்"னு பேர் கட்டிடுவாங்க என்று பயந்து நோயை முற்றவிடும் குடும்பங்கள் எத்தனை! 14416க்கு போன் போட்டால் ராப்பகல் எந்நேரமும் இலவச ஆலோசனை கிடைக்கிறது. அதற்கும் தயக்கம்!

அப்படித் தயங்குகிற பையன்கூட, குத்துச்சண்டை என்றால் கூச்சமில்லாமல் வருவான். பெரிய லாபம் அதுதான். மாநகராட்சி உடற்பயிற்சிக் கூடங்களில் நாலு மூட்டையைத் தொங்கவிட்டு, விவரம் தெரிந்த வாத்தியாரை வைத்து, வாரம் ஒரு மாலை மனநல ஆலோசகர் ஒருவரையும் உட்கார வைக்கலாமே! பெண்களுக்கும் தனி நேரம் ஒதுக்கலாமே!

கஜானா காலியாகிவிடாது. மாநகராட்சி மனசு வைக்குமா?