காந்தச் சுருளும் காரைக்குடி வீணையும்

சென்ற தை மாதம் காரைக்குடியில் உறவினர் ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம். ஆண்டில் முந்நூறு நாள் பூட்டிக் கிடக்கும் வீடு அன்று திறந்திருந்தது. விருந்து முடிந்து பெரியவர்கள் வளவில் வெற்றிலைத் தட்டைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். பொறியியல் படிக்கும் என் அக்காள் மகன் தூணோரமாக உட்கார்ந்து, தன் மின்கிதாரின் முகப்புத் தகட்டைக் கழற்றி, உள்ளே ஒயர்களைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். அதைக் கண்ட பெரியவர் ஒருவர், உறவுமுறையில் எனக்கு அண்ணன், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “சுப்பராமையரும் சாம்பசிவையரும் வீணை வாசித்த ஊர் தம்பி இது. இங்கே உட்கார்ந்துகொண்டு ஒயரை இழுத்துக்கொண்டிருக்கிறாயே! மின்சாரம் பட்டால் நாதம் செத்துப்போகும்.”

சபை சிரித்தது. பையனும் சிரித்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவையில் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வந்து வாதம் செய்வது வீரமல்ல என்பது எனக்குத் தெரியும். ஆயினும் அந்த ஒற்றை வாக்கியம் நம் இசையுலகில் பல உருவங்களில் உலவி வருகிறது. அதற்கு யாராவது பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்சாரம் நாதத்தைக் கொல்வதில்லை. அதைக் கற்றுக்கொள்ள மறுக்கும் நம் அலட்சியமே கொல்கிறது. வாத்தியத்தைத் திறந்து உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கும் அந்தப் பையன், வீணைக்கு மெழுகு உருக்கி மேளம் கட்டிய ஆசாரிகளின் வழியில் வருபவன். மைக்கை எங்கோ வைத்துவிட்டு, ஒலியமைப்பாளர் கையில் நாதத்தை ஒப்படைத்துவிட்டு, மரபு பேசிக்கொண்டிருக்கும் நாம்தான் அந்த வழியிலிருந்து விலகிப் போனவர்கள்.

பையன் செய்த காரியம் என்ன? அவன் வாங்கியது மலிவான கிதார். கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தச் சுருளை, கடைக்காரர் மொழியில் சொன்னால் பிக்கப்பை, வாத்தியத்தின் காது எனலாம். காந்தத்தைச் சுற்றி, மயிரினும் மெல்லிய செப்புக் கம்பி ஏறத்தாழ 8,000 சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. அதே சுருள் வீட்டிலுள்ள 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும். பழைய வீடுகளில் இணைப்பு ஒழுங்காக இராது. எர்த் என்பதே பல இடங்களில் கிடையாது. ஆகவே கிதார் வண்டுபோல் இரைந்துகொண்டிருந்தது.

அவன் உட்குழிவு முழுவதும் செப்புத் தகடு ஒட்டினான். தேய்ந்துபோன மின்தடைத் திருகுகளை மாற்றினான். திருகு 250 கிலோ ஓமா 500 கிலோ ஓமா என்பதைப் பொறுத்து ஒலியின் மேல்பகுதி மங்கும் அல்லது ஒளிரும் என்பதைச் செவியால் கேட்டுத் தெரிந்துகொண்டான். பிறகு சுருளையே தானே சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டு, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்றில் கேட்டிருக்கிறான். ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு கனமுள்ள கம்பி வேண்டும் என்றதும் கடைக்காரர் சிரித்தாராம். ஃபேன் காயிலுக்கு அவர் கட்டும் கம்பியே அதைவிட மூன்று மடங்கு கனம். ஆனாலும் அவர் தம் சுற்றுப்பொறியைக் கொடுத்து, கம்பி அறாமல் இழுவிசையை விரலால் உணர்வது எப்படி என்று கற்றுத்தந்தார். மூன்று முறை அறுந்தது. நான்காம் முறை நின்றது. செவியையும் விரலையும் இவ்வளவு பழக்கும் ஒரு காரியத்தை ஒயர் இழுப்பது என்று கேலி செய்தால், மெழுகு உருக்கி மெட்டுகளைப் பதிப்பதை என்னவென்று சொல்வது?

கிதாருக்குக் காந்தச் சுருள் வந்த கதையை மரபு பேசுவோர் அறிந்திருப்பது நல்லது. வாத்தியக் குழுக்களில் குழலொலிக்கும் முரசொலிக்கும் நடுவே கிதார் கேட்கவே இல்லை. அந்தத் தவிப்பிலிருந்துதான் ஜார்ஜ் போஷாம்ப் என்பவரின் முயற்சியில், வாணலி போன்ற தோற்றத்தால் ‘வறுவல் சட்டி’ என்று கேலிப்பெயர் பெற்ற ரிக்கன்பாக்கர் மின்கிதார் 1930களின் தொடக்கத்தில் பிறந்தது. இரைச்சலை அடக்க, எதிரெதிர்த் திசையில் சுற்றிய இரு சுருள்களை இணைக்கும் உபாயத்தை 1955இல் கிப்ஸன் நிறுவனத்தில் சேத் லவர் வகுத்தார். 1963இல் இங்கிலாந்தில் பிரையன் மே என்ற பள்ளி மாணவர் தம் தந்தையுடன் சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிதாரைச் செய்யத் தொடங்கினார். அதன் கழுத்து பழைய கணப்படுப்பு ஒன்றின் மரச்சட்டத்திலிருந்து வந்தது. முதற் சுருள்களைத் தாமே சுற்றினார்; திருப்தியில்லாமல் பின்னர் வேறு வாங்கிப் பொருத்தி, ஒவ்வொரு சுருளுக்கும் தனித்தனி விசை வைத்தார். குயின் குழுவில் அவர் வாசித்தது அந்தக் கிதாரைத்தான்.

இதைப் படிக்கும்போது என் நினைவு முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகிறது. பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைகளும் அங்கே விலைக்கு நிற்கின்றன. வீட்டைப் பிரித்து விற்பதில் காட்டும் துணிச்சலில் நூற்றில் ஒரு பங்கை வாத்தியத்தைத் திறந்து பார்ப்பதில் நாம் காட்டியதில்லை.

“அவர்கள் நாட்டுக் கதை நமக்கு எதற்கு?” என்று அண்ணன் கேட்கலாம். சரி, நம் கதைக்கு வருவோம். இன்று நாம் தொன்மையானது என்று போற்றும் தஞ்சாவூர் வீணை, 24 நிலையான மெட்டுகளோடு உருப்பெற்றது 17ஆம் நூற்றாண்டில், ரகுநாத நாயக்கர் காலத்தில் என்பர். அதுவும் ஒரு மாற்றியமைப்புதான். மேல்நாட்டு வயலினைப் பாலுஸ்வாமி தீட்சிதர் கையில் எடுத்தார். இன்று அது இல்லாமல் கச்சேரி இல்லை. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸை எண்ணிப் பாருங்கள். இரட்டைக் கம்பிகள் நான்கு கொண்ட அந்தக் கருவியை ஒற்றைக் கம்பிகள் ஐந்து கொண்டதாக ஆக்கி, மின்மாண்டலினாக வாசித்தார். சாதாரண மாண்டலினில் மீட்டிய மறுகணம் ஒலி தேய்ந்துவிடும். கமகத்துக்கு இடமே இல்லை. கட்டை உடலும் காந்தச் சுருளும் ஒலிபெருக்கியும் சேர்ந்து அந்த ஒலியை நீட்டிக் கொடுத்தன. அந்த நீட்சியில்தான் அவருடைய கமகங்கள் வாழ்ந்தன. சுகுமார் பிரசாத்தும் பிரசன்னாவும் கிதாரில் ராகம் வாசித்தபோதும் மின்சாரம் கமகத்துக்குச் சேவகம்தான் செய்தது.

காரைக்குடிக்கே வருவோம். திருக்கோகர்ணத்திலிருந்து வந்த சகோதரர்கள் இந்த ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். மூத்தவர் சுப்பராமையர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தார். இளையவர் சாம்பசிவையர் கிடத்தி வாசித்தார். ஒரே வீட்டில், ஒரே பாணியில், பிடிப்பதிலேயே இரண்டு முறைகள்! அதை யாரும் அபசாரம் என்று சொன்னதாகத் தெரியவில்லை. 1952இல் சாம்பசிவையருக்கு சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது. அதே ஆண்டில் அதே விருதைப் பெற்றவர் பக்கத்து ஊரான அரியக்குடியின் ராமானுஜ ஐயங்கார். சபாக்களின் காலத்துக்கு ஏற்பக் கச்சேரியின் அமைப்பையே மாற்றி வகுத்தவர் அவர். ஏவி. மெய்யப்பனின் தந்தையார் கடையில் கிராமபோன் தட்டுகள் விற்றதும் இதே காரைக்குடியில்தான். போர்க்காலத்தில் மெய்யப்பன் இங்கே கொட்டகை போட்டுப் படம் பிடித்தார். 1947இல் ‘நாம் இருவர்’ இங்கிருந்துதான் வந்தது. மின்னொலிக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று சொல்வதற்கு இந்த ஊரைவிடப் பொருத்தமற்ற ஊர் வேறில்லை.

சகோதரர்கள் வாசித்த காலத்தில் மைக் தேவைப்படவில்லை என்பது உண்மை. மழமழவென்று சுண்ணாம்பு பூசிய சுவரும் வழுவழுப்பான தரையும் உயர்ந்த கூரையும் கொண்ட கூடத்தில், ஐம்பது அறுபது பேர் மூச்சடக்கி அமர்ந்து கேட்டிருப்பார்கள். வீடே ஒலிபெருக்கியாக இருந்தது. இன்று வீணை வாசிக்கப்படுவது ஐந்நூறு நாற்காலி போட்ட மண்டபத்தில். மேலே மின்விசிறிகள், பக்கத்தில் மிருதங்கமும் கடமும், வெளியே வாகன இரைச்சல். அங்கே ‘இயற்கை ஒலி’ கேட்பவர் இரண்டாவது வரிசைக்கு அப்பால் உட்காராதவராகத்தான் இருக்க வேண்டும்.

இனி எதிர்த்தரப்புக்கும் ஒரு வார்த்தை. கிதாருக்குச் செய்ததை அப்படியே வீணைக்குச் செய்தால் போதும் என்று நினைப்பவர்கள் அண்ணனைவிட அதிகத் தீங்கு செய்கிறார்கள். காந்தச் சுருள் இரும்பின் அசைவை மட்டுமே அறியும். வீணையில் சாரணியும் பஞ்சமமும் எஃகு. மந்தரமும் அனுமந்தரமும் மரபாகப் பித்தளை அல்லது வெண்கலம். காந்தச் சுருளின் முன் அந்த இரண்டும் ஊமை. அவற்றைப் பேசவைக்க எஃகு உள்ளீடு கொண்ட சுற்றுக்கம்பிக்கு மாறவேண்டும். மாறினால் அவற்றின் குணமும் மாறும். மேலும் காந்தச் சுருள் கம்பியைக் கேட்குமே தவிர, பலாமரக் குடத்தைக் கேட்காது. குதிரையின் மேலுள்ள உலோகத் தகட்டில் கம்பி உராய்ந்து எழும் ரீங்காரம் மரத்தில் இறங்கித் திரும்பி வருவதில்தான் வீணையின் பாதி உயிர் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எடுக்கும் ஒலி, வீணை வேடமிட்ட கிதாரின் ஒலியாகவே இருக்கும்.

சரி, மரத்தைக் கேட்கும் காண்டாக்ட் மைக் ஒட்டலாமே என்பார்கள். ஒட்டுகிறார்கள், வீணை தகரம்போல் ஒலிக்கிறது, “பார்த்தீர்களா, மின்சாரம்!” என்று அண்ணன் வெற்றி கொண்டாடுகிறார். ஆனால் அங்கே நடப்பது மிக எளிய ஒரு பிழை. ஒட்டும் அந்தப் படிகத் தகடு மின்தேக்கி போன்றது. அதற்கு எதிரில் பத்து லட்சம் ஓம், அதாவது ஒரு மெகா ஓம் அளவிலான உள்ளீட்டு மின்தடை வேண்டும். ஒலிக்கலவைப் பெட்டியின் உள்ளீட்டில் இருப்பதோ சில ஆயிரம் ஓம். 20 நானோஃபாரட் தகட்டை 10 கிலோ ஓமில் நேரே செருகினால், ஏறத்தாழ 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை எல்லாம் தேயத் தொடங்கும். மூன்று கட்டைச் சுருதியில் சாரணியின் ஷட்ஜமே 165 ஹெர்ட்ஸ் அளவுதான்; மந்தரம் அதில் பாதி. அடிநாதம் முழுவதையும் வடிகட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கேட்டு மின்சாரத்தைத் திட்டுகிறோம்! நடுவில் ஒரு டிரான்சிஸ்டரும் நான்கைந்து மின்தடைகளும் கொண்ட சிறு பெட்டி வைத்தால் இந்தப் பிழை தீரும். அதன் உதிரிகளுக்கு ஆகும் செலவு ஒரு செட் வீணைக் கம்பியின் விலையைத் தாண்டாது. கிதாரைக் கழற்றிப் பார்த்த கல்லூரிப் பையன்களுக்குத் தெரிந்த இது, நம் மேடைகளில் பலருக்குத் தெரியாது.

என் கோபத்தில் சொந்தக் காரணமும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. எங்கள் ஆயாவின் வீணை ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்டம். பத்தாண்டுகளுக்கு முன் அதைப் பழுதுபார்க்கக் கொடுத்தோம். “மைக் வசதியும் செய்துவிடட்டுமா?” என்று கேட்டார்கள். சரியென்று தலையாட்டியவன் நான். குடத்தில் துளையிட்டு இணைப்புக் குழாயைப் பதித்துவிட்டார்கள். இரண்டு கோடைகளில் அந்தத் துளையிலிருந்து நாரோட்டமாக ஒரு விரிசல் ஓடியது. இன்றைக்கும் பஞ்சமத்தை மீட்டினால் ஓர் அதிர்வு கூடவே முனகுகிறது. மரபையும் மின்சாரத்தையும் பற்றி வாய் கிழியப் பேசும் நான், கேட்க வேண்டிய ஒரே கேள்வியை அன்று கேட்கவில்லை: இதைத் திரும்ப எடுக்க முடியுமா?

ஆகவே என் கோரிக்கைகள் இரண்டு. பழைய வீணையில் துளையிடாதீர்கள். சேர்ப்பது எதுவாயினும் நாளை தடமின்றி எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். மின்கிதாரின் கட்டைக்கு ஒரு துளை ஒன்றும் செய்யாது. பலாக்குடத்துக்கு அது காயம். இரண்டாவது, வீணை செய்யும் ஆசாரியும் காயில் கட்டுபவரும் மின்னணுவியல் படித்த பிள்ளையும் ஒரு மேசையில் உட்காரட்டும். 1953இலிருந்து மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இயங்கிவரும் ஊர் இது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் பொறியியல் படித்துத் தலைமுறைகள் வெளியே வந்திருக்கின்றன. நம் ஊருக்கு ஒரு வீணைப் பாணியும் உண்டு, மின்னறிவும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமலே முதுமை அடைவதுதான் எனக்கு அபசாரமாகப் படுகிறது.

கல்யாணம் முடிந்த மறுநாள், அதே பையன் ஆயாவின் வீணையை எடுத்துவந்தான். “அம்மான், ஓட்டை போடமாட்டேன், பயப்படாதீங்க” என்றான். மெட்டுகளைப் பதிக்கும் மெழுகில் ஒரு சிட்டிகை எடுத்து, குதிரைக்குப் பக்கத்தில் தகட்டை ஒட்டினான். தீப்பெட்டி அளவில் தானே செய்த பெட்டியை வெளியே வைத்தான். அக்காள் அனுமந்தரத்தை ஒருமுறை மீட்டினாள். இரண்டாம் கட்டில் நின்றுகொண்டிருந்த எனக்கு, சிறுவயதில் ஆயாவின் அருகே படுத்துக்கொண்டு கேட்ட அந்த அடியொலி கேட்டது. விரிசலின் முனகலும் சேர்ந்தே கேட்டது. நல்ல காது பொய் சொல்வதில்லை.

அண்ணன் அதற்குள் ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். அடுத்த முறை வரும்போது அவரை அந்த வீணைக்கு முன் உட்காரவைப்பேன். கேட்டுவிட்டுத் திட்டட்டும், அப்போது அவர் சொல்வதை மறுபேச்சின்றிக் கேட்டுக்கொள்வேன்.